எழுதப்படாத சொல்: அமெரிக்க அரசியலமைப்பும் திருமணமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்புச் சட்டம் 1787-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் வரையப்பெற்றது. அன்று தொட்டு இன்றுவரை அதனோடு 27 திருத்தங்கள் சேர்ந்துள்ளன. மூலத்தையும் திருத்தங்களையும் ஒருசேரப் படித்து முடித்தாலும் 'திருமணம்' என்னும் சொல் ஓரிடத்திலும் காணக் கிடைப்பதில்லை. கடற்கொள்ளை பற்றி அதில் உண்டு; நாணயம் அடித்தல் பற்றி உண்டு; அஞ்சல் நிலையங்கள் பற்றி உண்டு; மதுவைப் பற்றியோ இரண்டு திருத்தங்களே உண்டு. இருவர் கூடி இல்லறம் நடத்துவது பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை.

இது மறதியால் நேர்ந்த குறையன்று. தனித்தனியாக இருந்த நாடுகள் போலவே தம்மைக் கருதிக்கொண்ட மாநிலங்கள், தம்மிடமிருந்து எண்ணிக் கொடுத்த அதிகாரங்களே நடுவணரசுக்கு உரியன என்பதில் உறுதியாக நின்றன. கொடுக்கப்படாதவை எல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்பதை 1791-இல் ஏற்கப்பெற்ற பத்தாம் திருத்தம் எழுத்தில் பதித்தது. போரும் வணிகமும் தலைநகருக்கு; வீடும் நிலமும் உறவும் மாநிலத்துக்கு. பங்கீடு அவ்வளவு எளிதாக இருந்தது, தாளில்.

அந்தத் தாளில் திருமணம் என்னும் சொல்லை எழுதிவிட வேண்டுமென்று ஏறத்தாழ 130 ஆண்டுகளாகப் பலர் முயன்றனர். பலதார மணத்தை ஒழிக்க முயன்றவர் உண்டு. மணவிலக்கைக் கட்டுப்படுத்த முயன்றவர் உண்டு. வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதைத் தடுக்க முயன்றவர் உண்டு. அண்மையில், ஒரே பாலினத்தவர் மணப்பதைத் தடுக்க முயன்றவர் உண்டு. ஒரு முயற்சியும் வெற்றி பெறவில்லை. காங்கிரசின் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கினரும், மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கும் உடன்பட்டாலன்றித் திருத்தம் நிறைவேறாது என்னும் கணக்கே அவற்றைத் தோற்கடித்தது. ஆயினும், தலைவாயில் அடைபட்டிருந்தபோதே நடுவணரசு பக்கவாயில்கள் வழியாக மணவறைக்குள் நுழைந்து வந்திருக்கிறது. மாநில உரிமை பேசியவர்கள் தமக்கு வேண்டியபோது நடுவணரசை அழைத்தனர். நடுவணரசின் வலிமை பேசியவர்கள் தமக்கு வேண்டியபோது மாநில உரிமைக்குள் ஒதுங்கினர். இந்த இடமாற்றத்தின் வரலாறே அந்த எழுதப்படாத சொல்லின் வரலாறு.

முதல் பக்கவாயில் யூட்டா. மார்மன் சமயத்தின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் 1844-இல் இலினாய் மாநிலத்தில் கொல்லப்பட்ட பின்னர், பிரிகாம் யங் என்பார் தலைமையில் அச்சமயத்தார் மேற்கு நோக்கி நடந்து 1847-இல் உப்பேரிப் பள்ளத்தாக்கில் குடியேறினர். ஓர் ஆடவன் பல மனைவியரை மணத்தல் தம் சமயக் கோட்பாடு என்று 1852-இல் வெளிப்படையாக அறிவித்தனர். 1856-இல் புதிதாகத் தோன்றிய குடியரசுக் கட்சி, அடிமை முறையையும் பலதார மணத்தையும் காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டை எச்சங்கள் என்று தன் கொள்கை அறிக்கையில் இணைத்துக் கூறியது.

மாநிலமாக இருந்திருப்பின் யூட்டாவை நடுவணரசு தொட்டிருக்க முடியாது. ஆனால் யூட்டா அப்போது மாநிலமன்று, வெறும் ஆட்சிப்பகுதி. ஆட்சிப்பகுதிகளுக்கு வேண்டிய விதிகளையெல்லாம் காங்கிரசே வகுக்கலாம் என்பது அரசியலமைப்பின் நான்காம் கூறு. அந்தக் கதவைத் திறந்து 1862-இல் ஒரு சட்டம் வந்தது. உள்நாட்டுப் போரின் நடுவே ஆபிரகாம் லிங்கன் அதில் கையொப்பமிட்டார். ஆனால் நடைமுறைப்படுத்தும் அவசரம் அவருக்கு இருக்கவில்லை.

அச்சட்டம் செல்லுமா என்பதை ஆய்ந்தறிய ஒரு வழக்கு வேண்டியிருந்தது. பிரிகாம் யங்கின் செயலாளரான ஜார்ஜ் ரெய்னால்ட்ஸ் அதற்கு முன்வந்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்து 1879-இல் தீர்ப்பாயிற்று. சமய நம்பிக்கை எதுவாயினும் இருக்கலாம். செயலைச் சட்டம் தடுக்கலாம் என்றார் தலைமை நீதிபதி மாரிசன் வெயிட். இதற்கு எடுத்துக்காட்டாக அவர் எங்கே சென்றார் என்பது தமிழ் வாசகர் அறியத்தக்கது. கணவனின் ஈமத்தீயில் உடன் மூழ்குவது தன் சமயக் கடமை என்று ஒரு பெண் நம்பினால் அதனை அரசு தடுக்கக் கூடாதா என்று அவர் வினவினார். கல்கத்தாவில் பெண்டிங் பிரபு 1829-இல் தடைசெய்த உடன்கட்டை, ஐம்பது ஆண்டுகள் கழித்து உப்பேரி நகரத்து வழக்கில் சான்றாக ஏறியது! பலதார மணம் ஐரோப்பாவின் வடமேற்கு நாட்டவருக்கு என்றும் வெறுப்பானது, ஆசிய ஆப்பிரிக்க மக்களிடமே அது வழங்கியது என்றும் அத்தீர்ப்பு கூறிச் செல்கிறது. சட்டத்தின் எல்லையை வரைய வந்த பேனா நாகரிகத்தின் எல்லையையும் சேர்த்தே வரைந்துவிட்டது.

அதன் பின்னர் நடுவணரசு கை ஓங்கியது. 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். 1887-ஆம் ஆண்டுச் சட்டம் அத்திருச்சபையின் சட்ட நிறுவனத்தையே கலைத்து அதன் சொத்துகளைப் பறித்தது. அச்சட்டத்தில் மறைந்து கிடக்கும் இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். யூட்டாப் பெண்கள் 1870 முதல் வாக்குரிமை பெற்றிருந்தனர். பலதார மணத்திலிருந்து பெண்களை மீட்க வந்த சட்டம் அப்பெண்களின் வாக்கைப் பறித்துக்கொண்டது. மீட்கப்பட்டவர்களிடம் ஒரு சொல் கேட்கப்படவில்லை.

1890-இல் திருச்சபைத் தலைவர் வில்போர்டு உட்ரப் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். 1894-இல் காங்கிரசு யூட்டாவுக்கு மாநில நிலை வழங்க இசைந்தது. ஒரு நிபந்தனை விதித்தது. பலதார மணம் என்றென்றைக்கும் தடைசெய்யப்பட்டது என்று மாநிலத்தின் அரசியலமைப்பில் எழுத வேண்டும். ஐக்கிய நாடுகளின் ஒப்புதல் இன்றி அதனை மாற்றக் கூடாது. 1896 ஜனவரியில் யூட்டா 45-ஆம் மாநிலமாயிற்று. பின்னர் வந்த ஒக்லகோமா, அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்கள்மீதும் இத்தகைய நிபந்தனை விதிக்கப்பட்டது. நாட்டின் அரசியலமைப்பில் எழுத முடியாததை மாநிலத்தின் அரசியலமைப்பில் எழுத வைத்த தந்திரம் இது.

இத்துடனும் அச்சம் தணியவில்லை. 1898-இல் யூட்டாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பிரிகாம் ராபர்ட்ஸ் என்பார் பல மனைவியர் உடையவர். அவரை அவையில் அமர விடலாகாதென நாடெங்கும் திரட்டப்பட்ட கையெழுத்துகள் 70 இலட்சம் என்பர். 1900-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பிரதிநிதிகள் அவை அவருக்கு இடமளிக்க மறுத்தது. மாநிலமாகிவிட்ட யூட்டாவில் இனி நடுவணரசின் கை எட்டாது. ஆகவே நாட்டின் அரசியலமைப்பையே திருத்துக என்னும் குரல் இருபதாம் நூற்றாண்டின் முதற் பகுதி வரை ஒலித்தது. பிற மாநிலங்களோ தயங்கின. இன்று யூட்டாவின் திருமணத்துக்காகத் திறக்கப்படும் கதவு நாளை நம் வீட்டுத் திருமணத்துக்கும் திறக்குமே என்பது அவர்கள் அச்சம்.

அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. மணவிலக்குச் சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மலையும் மடுவுமாக வேறுபட்டுக் கிடந்தன. தென் கரோலினா மாநிலத்தில் 1949 வரை மணவிலக்கே கிடையாது. அதன் 1895-ஆம் ஆண்டு அரசியலமைப்பே அதனைத் தடுத்தது. நியூயார்க்கில் 1966 வரை பிறர்மனை நயத்தல் ஒன்றே மணவிலக்குக்குரிய காரணம். மாறாக, தெற்கு டகோட்டாவின் சூ பால்ஸ் நகரில் 1890-களின் தொடக்கத்தில் 90 நாள் தங்கினால் வழக்குத் தொடுக்கலாம். நெவாடாவின் ரீனோ நகரம் இதனைத் தொழிலாகவே வளர்த்தது: ஆறு திங்கள் என்றிருந்த தங்கல் காலத்தை 1927-இல் மூன்று திங்களாகவும், 1931-இல் ஆறு வாரமாகவும் குறைத்தது. விடுதிகளும் வழக்குரைஞர்களும் செழித்தனர்.

1906 டிசம்பரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் காங்கிரசுக்கு விடுத்த செய்தியில், திருமணமும் மணவிலக்கும் முழுமையாக நடுவணரசின் அதிகாரத்துக்குள் வர வேண்டும், அதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று கேட்டார். 1920-களில் கான்சஸ் மாநிலத்துச் செனட்டர் ஆர்தர் கேப்பர் அதே நோக்கில் திருத்த வரைவுகளைக் கொணர்ந்தார். சீர்மை வேண்டும் என்பதில் பலரும் உடன்பட்டனர். யாருடைய சட்டம் சீர்மையாவது என்பதில்தான் ஒருவரும் உடன்படவில்லை. தென் கரோலினாவும் நெவாடாவும் ஒரே சட்டத்தின்கீழ் வாழ ஒப்புமா?

இந்த வேறுபாட்டின் இடுக்கில் மனிதர் அகப்பட்டுக்கொண்டனர். வட கரோலினாவைச் சேர்ந்த வில்லியம்ஸ் என்னும் ஆடவரும் ஹென்றிக்ஸ் என்னும் பெண்மணியும் வேறு வேறு துணையை மணந்திருந்தவர்கள். 1940-இல் இருவரும் நெவாடாவின் லாஸ் வேகாஸ் சென்று, வண்டியோட்டிகள் தங்கும் ஒரு விடுதியில் ஆறு வாரம் இருந்து, மணவிலக்குப் பெற்று, அங்கேயே ஒருவரையொருவர் மணந்து ஊர் திரும்பினர். நெவாடாவில் கணவன் மனைவியாகப் புறப்பட்டவர்கள் வட கரோலினாவில் இருமணக் குற்றவாளிகளாக இறங்கினர். ஒரு மாநிலத்தின் தீர்ப்பை மற்றொன்று மதிக்க வேண்டும் என்று 1942-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் மீதான தண்டனையை நீக்கியது. வட கரோலினா விடவில்லை. அவர்கள் நெவாடாவில் உண்மையாகக் குடியிருக்கவேயில்லை என்று மீண்டும் வழக்காடியது. 1945-இல் அதே நீதிமன்றம் தண்டனை சரியே என்றது. ஒரே இணையர், ஒரே திருமணம், மூன்றாண்டு இடைவெளியில் இரு தீர்ப்பு.

மணவிலக்கைத் தடுக்க விரும்பியவர்களைவிடக் கலப்பு மணத்தைத் தடுக்க விரும்பியவர்களின் கதை கசப்பானது. அடிமை முறையைக் காக்க மாநில உரிமை என்னும் கொடியை உயர்த்தியது தென்னாடு. 1868-இல் நிறைவேறிய பதினான்காம் திருத்தம், சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த மாநிலமும் எவருக்கும் மறுக்கலாகாது என்றது. இச்சொற்கள் ஒருநாள் கலப்பு மணத் தடைச் சட்டங்களையும் வீழ்த்திவிடும் என்று அஞ்சிய மிசௌரி மாநிலத்து உறுப்பினர் ஆண்ட்ரூ கிங், 1871 டிசம்பரில் அத்தகைய மணங்களை நாடெங்கும் தடைசெய்யும் திருத்தத்தை முன்மொழிந்தார். அது எடுபடவில்லை. ஆனால் அவர் அஞ்சியது 96 ஆண்டுகள் கழித்து அப்படியே நிகழ்ந்தது. சட்டத்தை அதன் நண்பர்களைவிடப் பகைவர்களே சில வேளை கூர்ந்து படிக்கின்றனர்.

நாற்பதாண்டுகளுக்குப் பிறகு இரண்டாம் முயற்சியைத் தூண்டியவர் ஒரு குத்துச்சண்டை வீரர். ஜாக் ஜான்சன், பெரு எடைப் பிரிவில் உலக வாகை சூடிய முதற் கறுப்பினத்தவர். 1908-இல் சிட்னியில் பட்டம் வென்றவர். வெள்ளையரின் பெருமையை மீட்பதற்கென்றே ஓய்விலிருந்து அழைத்துவரப்பட்ட ஜிம் ஜெப்ரிஸ் என்பாரை 1910 ஜூலை 4 அன்று மணவிலக்கு நகரமாகிய அதே ரீனோவில் வீழ்த்தியவர். 1912 டிசம்பரின் தொடக்கத்தில் சிகாகோவில் லூசில் காமரன் என்னும் வெள்ளையினப் பெண்ணை அவர் மணந்தார். இலினாய் மாநிலத்தில் அது குற்றமன்று. சில நாள்களுக்குள் ஜார்ஜியா மாநிலத்து உறுப்பினர் சீபார்ன் ராடன்பெரி பிரதிநிதிகள் அவையில் எழுந்து, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே மணம் என்றென்றைக்கும் கூடாது என்று அரசியலமைப்பில் எழுத வேண்டும் என்றார். 'என்றென்றைக்கும்' என்னும் சொல் யூட்டா நிபந்தனையில் இருந்த அதே சொல். ஜார்ஜியாவின் சட்டத்தை இலினாய்க்கு ஏற்றுமதி செய்ய நடுவணரசு வேண்டியிருந்தது. அன்று மாநில உரிமைக் கொடி மடித்து வைக்கப்பட்டது. திருத்தம் நிறைவேறவில்லை. ஜான்சனுக்கோ, பெண்களை மாநில எல்லை கடந்து தீய நோக்கத்துடன் அழைத்துச் செல்வதைத் தடுக்கும் நடுவணரசுச் சட்டத்தின்கீழ், 1913-இல் தண்டனை கிடைத்தது. திருமணச் சட்டம் எட்டாத இடத்தில் வணிகச் சட்டம் எட்டியது. அவர் இறந்து எழுபதாண்டுகளுக்கும் மேலான பிறகு, 2018-இல், அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

இன்னொரு பக்கவாயில் குடியுரிமை. யார் குடிமகன் என்பதை வகுக்கும் அதிகாரம் ஐயத்துக்கிடமின்றி நடுவணரசுக்குரியது. அந்த அதிகாரத்தின் துணையால் 1907-ஆம் ஆண்டுச் சட்டம், அயல்நாட்டானை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்து கணவனின் நாட்டைச் சேர்வாள் என்றது. அயல்நாட்டுப் பெண்ணை மணந்த ஆணுக்கு ஒன்றும் நேராது. கலிபோர்னியாவிலேயே பிறந்து வளர்ந்த எதெல் மெக்கென்சி 1909-இல் பிரித்தானியக் குடிமகன் ஒருவரை மணந்து அங்கேயே வாழ்ந்தார். 1911-இல் அம்மாநிலப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 1913-இல் தம் பெயரைப் பதியச் சென்றபோது, நீ இந்நாட்டவள் அல்லள் என்று திருப்பி அனுப்பப்பட்டார். விளைவை அறிந்து மனமுவந்து மணந்தவர், மனமுவந்து நாட்டைத் துறந்தவரே என்று 1915-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

பெண்கள் நாடெங்கும் வாக்குரிமை பெற்ற பின்னர், 1922-இல் இச்சட்டம் தளர்ந்தது. ஆனால் ஒரு முள்ளை விட்டுவைத்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற இனத்தவரை மணந்தவளுக்கு இத்தளர்வு இல்லை. தகுதியற்றோர் யாவர்? முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பஞ்சாபியரான பகத் சிங் திந்த் தொடர்பான வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே தகுதியற்றோர் என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியரிடமிருந்தும் அதனைப் பறிக்க அரசு முனைந்தது. வங்காளத்து விடுதலை வீரர் தாரக்நாத் தாஸ் 1914-இல் அமெரிக்கக் குடிமகனானவர். 1924-இல் அவரை மணந்த மேரி, அமெரிக்காவில் பிறந்த அமெரிக்கப் பெண், நாடற்றவர் ஆக்கப்பட்டார். தம் நிலையை 1926-இல் 'நேஷன்' இதழில் அவரே எழுதினார். இந்த முள் 1931-இல்தான் அகற்றப்பட்டது. நடுவணரசுக்குத் திருமணத்தின்மீது அதிகாரமே இல்லை என்று எல்லாரும் ஒப்பிய அதே காலத்தில், ஒரு தாலியின் விலை தாய்நாடு என்று அது விதித்துக்கொண்டிருந்தது.

ஆண்ட்ரூ கிங் அஞ்சிய நாள் 1967 ஜூன் 12 அன்று வந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் கரோலின் வட்டத்தைச் சேர்ந்த ரிச்சர்டு லவிங் வெள்ளையர். அவர் மணந்த மில்ட்ரெட் கறுப்பு, செவ்விந்திய மரபினர். லவிங் என்னும் குடும்பப் பெயருக்கு அன்புடையவர் என்பது பொருள். கதையில் ஒருவர் இப்பெயரைச் சூட்டியிருந்தால் மிகை என்று திறனாய்வாளர் கடிந்திருப்பர்; நீதிமன்றப் பதிவேட்டில் உள்ள பெயரை யார் கடிய முடியும்? வர்ஜீனியாவில் அவர்கள் மணப்பது குற்றமாதலால் 1958 ஜூன் மாதத்தில் வாஷிங்டன் சென்று மணந்து திரும்பினர். சில வாரங்களில், நள்ளிரவில், காவலர் படுக்கையறைக்குள் புகுந்து விளக்கொளியை முகத்தில் பாய்ச்சினர். சுவரில் மாட்டியிருந்த மணச் சான்றிதழைச் சுட்டிக்காட்டியபோது, அது இங்கே செல்லாது என்பதே விடை. அன்று காங்கிரசின் நேரடி ஆட்சியில் இருந்த தலைநகரத்தில் வழங்கிய சான்றிதழ், நூறு மைல் தெற்கே வெறுந்தாள்.

ஓராண்டுச் சிறை; 25 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குள் வராதிருப்பின் சிறை நிறுத்திவைக்கப்படும் என்பது 1959-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இறைவன் இனங்களை வெவ்வேறு கண்டங்களில் வைத்ததே அவை கலவாதிருக்கத்தான் என்று விசாரணை நீதிபதி பின்னர் எழுதினார். வெள்ளையர் அமெரிக்கக் கண்டத்துக்கு எவ்வாறு வந்தனர் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஊர் ஏக்கம் தாளாமல் மில்ட்ரெட் 1963-இல் சட்டத் துறை அமைச்சர் ராபர்ட் கென்னடிக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதத்தில் தொடங்கிய வழக்கே உச்ச நீதிமன்றம் வரை சென்றது. திருமணம் மாநிலத்துக்குரியதே, ஆயினும் பதினான்காம் திருத்தத்தை மீற மாநிலத்துக்கு உரிமையில்லை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். அன்று 16 மாநிலங்களின் தடைச் சட்டங்கள் ஒருசேர வீழ்ந்தன. எழுத்தில் மட்டும் அவை உடனே அழியவில்லை. தென் கரோலினா தன் அரசியலமைப்பிலிருந்த தடையை 1998-இலும், அலபாமா 2000-இலும் மக்கள் வாக்கெடுத்து நீக்கின. அலபாமாவில் அப்போதும் பத்தில் நால்வர் நீக்க வேண்டாம் என்று வாக்களித்தனர்.

அதே 1967-ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்திலும் ஒரு திருமணச் சட்டம் நிறைவேறியது என்பதை இங்கே நினைக்கத் தகும். புரோகிதரும் சடங்கும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்றைச் செல்லாதென 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. அண்ணா முதலமைச்சரானதும் இந்து திருமணச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் கொணரப்பட்டது. முன்னர் நடந்த அத்தகைய திருமணங்களும் அதனால் சட்டத்தின் நிழலைப் பெற்றன. இந்திய அரசியலமைப்பு திருமணத்தைப் பற்றி வாய்மூடி இருக்கவில்லை. பொதுப் பட்டியலின் ஐந்தாம் இனமாக அதனை எழுதி, மாநிலச் சட்டம் நடுவண் சட்டத்தோடு முரணினும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று அம்மாநிலத்தில் நிற்கலாம் என்று ஒரு வழியையும் வைத்தது. அந்த வழியில்தான் சென்னையின் திருத்தம் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அங்கே மாநிலத்தின் தடையை வீழ்த்த நடுவண் நீதிமன்றம் வேண்டியிருந்தது. இங்கே நடுவண் சட்டத்தின் இறுக்கத்தை நெகிழ்த்த ஒரு மாநிலம் வேண்டியிருந்தது. உரிமை எப்போதும் ஒரே திசையிலிருந்து வருவதில்லை.

மீண்டும் அமெரிக்கா. 1993-இல் ஹவாய் மாநில உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தவருக்கு மண உரிமத்தை மறுப்பதற்குத் தக்க காரணத்தை மாநில அரசு காட்ட வேண்டும் என்றது. ஒரு தீவில் எழுந்த அலை தலைநகரை எட்ட மூன்றாண்டே ஆயிற்று. 1996-இல், நடுவண் சட்டங்கள் அனைத்திலும் திருமணம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்வதே என்று காங்கிரசு வரையறுத்தது. ஒரு மாநிலத்தில் நடந்த ஒருபால் மணத்தை மற்றொரு மாநிலம் ஏற்க வேண்டியதில்லை என்றும் சேர்த்தது. பில் கிளிண்டன் கையொப்பமிட்டார். பின்னர் 2013-இல் அச்சட்டத்தை நீக்க வேண்டும் என்று எழுதியவரும் அவரே.

2003-இன் இறுதியில் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் ஒருபால் மணத்தை ஏற்றது. உடனே பழைய மருந்து நினைவுக்கு வந்தது: அரசியலமைப்புத் திருத்தம். 2004 ஜூலையில் செனட் அவையில் அதனை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் முயற்சிக்கு 60 வாக்குகள் வேண்டும், கிடைத்தவை 48. செப்டம்பரில் பிரதிநிதிகள் அவையில் 227 பேர் ஆதரித்தும் 186 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். பெரும்பான்மை இருந்தது, மூன்றில் இரு பங்கு இல்லை. 2006-இலும் அதே கதை. இங்கே கவனிக்கத்தக்கது, திருத்தத்தை எதிர்த்தவருள் சிலர் ஒருபால் மணத்தையும் எதிர்த்தவர்கள் என்பதே. திருமணத்தை மாநிலங்களிடமிருந்து பறிப்பது தம் குடியரசுக் கட்சியின் அடிப்படைக் கொள்கைக்கே முரண் என்றார் செனட்டர் ஜான் மெக்கெய்ன். 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதிய ஜார்ஜியா உறுப்பினர் பாப் பார், அரசியலமைப்புத் திருத்தம் கூடாதென்று அவைக் குழு முன் சான்று பகர்ந்தார். ராடன்பெரியின் மாநிலத்திலிருந்து ராடன்பெரிக்கு ஒரு மறுமொழி.

நாட்டின் அரசியலமைப்பில் எழுத முடியாததை மீண்டும் மாநில அரசியலமைப்புகளில் எழுதினர். 2004 நவம்பரில் ஒரே நாளில் 11 மாநிலங்கள், 2012-க்குள் ஏறத்தாழ 30 மாநிலங்கள், ஒருபால் மணத்தைத் தம் அரசியலமைப்பிலேயே தடைசெய்தன. யூட்டாவும் அவற்றுள் ஒன்று. 2013 இறுதியில் அத்தடையை நடுவண் மாவட்ட நீதிமன்றம் நீக்கியபோது, திருமணத்தை வரையறுப்பது மாநிலத்தின் இறையாண்மை, நடுவணரசுக்கு அதில் இடமில்லை என்று யூட்டா மேல்முறையிட்டது. 1894-இல் அம்மாநிலத்தின் பிறப்புச் சான்றிதழிலேயே நடுவணரசு ஒரு திருமண விதியை எழுதிக் கையொப்பம் வாங்கியதை அறிந்தவர்களுக்கு அந்த வாதத்தின் சுவை தெரியும்.

இதற்கிடையே ஒரு மூதாட்டியின் வரிச் சீட்டு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. நியூயார்க்கைச் சேர்ந்த எடித் விண்ட்சர், தம்முடன் நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த தியா ஸ்பையரை 2007-இல் கனடாவின் டொராண்டோவில் மணந்தார். 2009-இல் தியா இறந்தார். அம்மணத்தை நியூயார்க் மாநிலம் மதித்தது, நடுவணரசு மதிக்கவில்லை. கணவன் மனைவி என்றால் கட்ட வேண்டாத வரியாக 3,63,053 டாலர் கட்ட நேர்ந்தது. 2013 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு வரையறையை நீக்கியது. மாநிலம் மணம் என்று மதித்ததை இழிவுபடுத்த நடுவணரசுக்கு என்ன உரிமை என்னும் குரல் தீர்ப்பில் ஒலித்தது. மாநில உரிமை என்னும் பழைய கொடி இம்முறை ஒரு விதவையின் கையில் இருந்தது.

அடுத்த திங்களில் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரிலிருந்து ஒரு மருத்துவ விமானம் மேரிலாந்துக்குப் பறந்தது. அதில் தசைகள் செயலிழக்கும் கொடுநோயால் படுத்திருந்தவர் ஜான் ஆர்தர். உடனிருந்தவர் ஜிம் ஓபர்கெபெல். விமானம் ஓடுதளத்தில் நின்றபடியே, ஏழரை நிமிடமோ எட்டு நிமிடமோ என்னும்படிச் சிறு சடங்கில், இருவரும் மணந்து உடனே திரும்பினர். அக்டோபரில் ஆர்தர் இறந்தார். இறப்புச் சான்றிதழில் துணைவர் என்னும் இடத்தில் தம் பெயர் எழுதப்பட வேண்டும் என்பதே ஓபர்கெபெலின் வழக்கு. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. 2015 ஜூன் 26 அன்று, ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில், எல்லா மாநிலங்களும் அத்தகைய மணங்களை நடத்தவும் ஏற்கவும் வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பெழுதிய கென்னடி கன்பூசியசையும் சிசரோவையும் துணைக்கழைத்தார். மறுத்தெழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் கலகாரிப் பாலைவனத்து மக்களையும் ஆன் சீனரையும் கார்த்தேஜியரையும் அசுடெக்குகளையும் அழைத்தார். வெயிட் உடன்கட்டையை அழைத்த 1879-இலிருந்து இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை: திருமணம் என்று வந்தால் அமெரிக்க நீதிபதிகள் உலகம் சுற்றப் புறப்பட்டுவிடுகின்றனர்.

2022-இல், கருக்கலைப்பு பற்றிய பழைய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மாற்றியபோது, மணத் தீர்ப்பும் மாறுமோ என்னும் ஐயம் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பர் 13 அன்று ஜோ பைடன் கையொப்பமிட்ட சட்டம், ஒரு மாநிலத்தில் முறையாக நடந்த மணத்தைப் பாலினத்தையோ இனத்தையோ காட்டி மற்றொரு மாநிலம் மறுக்கலாகாது என்கிறது. லவிங் இணையரின் சான்றிதழ் இனி எங்கும் வெறுந்தாள் ஆகாது. ஆனால் அத்தகைய மணத்தை ஒவ்வொரு மாநிலமும் தானே நடத்தித் தர வேண்டும் என்று அச்சட்டம் கட்டளையிடவில்லை; காங்கிரசுக்கு அந்த அதிகாரம் உண்டா என்னும் பழைய வினாவைத் தொடாமல் விலகி நடந்தது. இருவருக்கு மேற்பட்டோர் கூடிய மணத்தை ஏற்கச் சொல்வதாக இச்சட்டத்தைப் பொருள்கொள்ளக் கூடாது என்னும் ஒரு வரியும் அதில் உண்டு. யூட்டாவின் நினைவு இன்னும் போகவில்லை.

2024 நவம்பரில் கலிபோர்னியா, கொலராடோ, ஹவாய் மாநில மக்கள் தம் அரசியலமைப்புகளில் ஒருபால் மணத்துக்கெதிராக முன்னர் எழுதிய வரிகளை வாக்களித்து நீக்கினர். வேறு பல மாநிலங்களின் அரசியலமைப்புகளில் அவ்வரிகள் இன்னும் அச்சில் நிற்கின்றன. 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பு நிற்கும்வரை அவற்றைக் காட்டி ஒருவருக்கும் மண உரிமத்தை மறுக்க இயலாது.